பழைய காரும் 16 பக்க வாரண்டிப் புத்தகமும்

சென்ற ஐப்பசியில், பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்திற்கு அருகிலுள்ள என் பள்ளிக்குத் தினமும் போய்வரவும், அப்பாவை மாதம் இருமுறை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும் ஒரு பழைய கார் வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று. வண்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அதில் பாதி நேரம், வண்டியோடு சேர்த்து விற்கப்படும் எக்ஸ்டெண்டட் வாரண்டியின் நிபந்தனைகளைப் படிப்பதிலேயே கழிந்தது. எங்கள் பக்கத்தில் இப்போது செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படும் என்பதால், எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பார்த்தது பைபாஸ் சாலைப் பக்கம் ஒரு கடையில் நின்ற 2018ஆம் ஆண்டு டீசல் கார். விலை பேசி முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் விற்பனையாளர் வண்ணத்தாள் ஒன்றை நீட்டினார். "15,000 ரூபாய்தான் மேடம், ஜிஎஸ்டி தனி. ஒரு வருஷத்துக்கு இன்ஜின், கியர் பாக்ஸ் எதுல என்ன வந்தாலும் நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார். 18 சதவீத வரியைச் சேர்த்தால் 17,700 ரூபாய். அன்றே முன்பணம் கட்டினால் 2,000 குறைப்பதாகவும் சொன்னார். நிபந்தனைகள் அச்சிட்ட புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு, பணம் கட்டிய பிறகு மின்னஞ்சலில் வரும் என்று பதில் வந்தது. புத்தகத்தைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடத் தர இயலாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் மாலை வாட்ஸ்அப்பில் 16 பக்கங்கள் வந்து சேர்ந்தன.

நான் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் வள்ளியூரில் இருக்கும் என் அத்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வெளியூரில் ஒரு கடையில், ஓராண்டு வாரண்டியோடு ஒரு டீசல் காரை வாங்கினார். ஏழாவது மாதம் மதுரைக்குப் போகும் வழியில், கயத்தாறு தாண்டியதும் வண்டி இழுவை குறைந்து கரும்புகை கக்கி நின்றுவிட்டது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டிருந்தது. வாரண்டிக்கு விண்ணப்பித்தபோது, இரண்டாவது ஆயில் மாற்றம் குறித்த தூரத்தைவிட 1,900 கிலோமீட்டர் தள்ளிச் செய்யப்பட்டிருக்கிறது, அதுவும் ரசீது தராத உள்ளூர்ப் பட்டறையில் செய்யப்பட்டிருக்கிறது என்ற காரணத்தைக் காட்டி நிராகரித்துவிட்டார்கள். அத்தான் வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவர். ஆயிலை மாற்றியதும் உண்மை. ஆனால் மாற்றியதற்குக் காகிதம் இல்லை. அக்கா சீட்டு கட்டிச் சேர்த்திருந்த பணத்திலிருந்து 38,000 ரூபாய் அந்த ஒரு பாகத்திற்குப் போயிற்று. அந்த வாரண்டிக்குக் கட்டிய தொகையும் வீணாயிற்று. அந்த நிபந்தனை அவர் கையெழுத்திட்ட புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது என்பதை நாங்கள் பிறகுதான் பார்த்தோம்.

வாரண்டியையும் இன்சூரன்ஸையும் ஒன்றாக நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடித்தாலும், திருடு போனாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் பணம் தருவது இன்சூரன்ஸ், அதிலும் முழுப் பாலிசியாக இருந்தால் மட்டும். வாரண்டி என்பது, வெளியிலிருந்து எந்த அடியும் படாமல் உள்ளே ஒரு பாகம் தானாகப் பழுதாகும்போது, அதைச் சரிசெய்து தருவதாக எழுதித் தரும் ஒப்பந்தம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

அந்த ஒப்பந்தங்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. சிலவற்றில், காக்கப்படும் பாகங்களின் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத எதுவும் நம் செலவு. வேறு சிலவற்றில், விலக்கப்பட்ட பாகங்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத எல்லாவற்றிற்கும் அவர்கள் பொறுப்பு. இரண்டாவது வகையே வாங்குபவருக்கு நல்லது, விலையும் அதற்கேற்ப இருக்கும். எனக்கு வந்த 16 பக்கங்கள் முதல் வகை. காக்கப்படும் பாகங்கள் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. எப்போது தர மாட்டோம் என்பது ஐந்து பக்கங்களுக்கு நீண்டது. "எதுல என்ன வந்தாலும்" என்று கடையில் கேட்ட சொல்லுக்கும் அந்த ஐந்து பக்கங்களுக்கும் தொடர்பே இல்லை.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, வைப்பர், பல்பு, ஃபில்டர், புஷ் ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்பதால் எந்த வாரண்டியிலும் பெரும்பாலும் வராது. அதில் எனக்குக் குறையில்லை. கவலை தந்தது அதற்கு அடுத்த பத்தி. காக்கப்படாத ஒரு பாகம் கெட்டு, அதனால் காக்கப்பட்ட பாகம் கெட்டால், அதற்கும் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது. மேலப்பாளையத்தில் எங்கள் குடும்ப வண்டிகளை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக் பாயிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் செல்லும் ஓஸ் ஒன்றை எடுத்துக் காட்டி விளக்கினார். சில நூறு ரூபாய் ரப்பர் ஓஸ் வெடித்தால் கூலன்ட் கொட்டிவிடும். அதைக் கவனிக்காமல் சிறிது தூரம் ஓட்டினாலே இன்ஜின் சூடேறி, அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் போய்விடும், ஹெட் வளைந்தும் போகலாம். செலவு பல பத்தாயிரங்களில் நிற்கும். இன்ஜின் பட்டியலில் இருந்தாலும் ஓஸ் பட்டியலில் இல்லாததால் கிளைம் நிற்காது. "பயப்பட வேண்டிய ரிப்பேரெல்லாம் இப்படித்தான் சின்னதுல ஆரம்பிக்கும் டீச்சர்" என்றார் பாய். இந்த ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டாலே ஒரு வாரண்டியின் உண்மையான மதிப்பு பாதிக்கு மேல் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது தூரம். "12 மாதம் அல்லது 15,000 கிலோமீட்டர், எது முந்தியோ அது" என்று போட்டிருந்தது. நான் பள்ளிக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஆகிறது. மாதம் 22 வேலைநாள் என்றால் 1,540. ஊருக்குள் ஓடுவதைக் கணக்கில் எடுக்காமலே பத்து மாதம் முடிவதற்குள் 15,000 தீர்ந்துவிடும். ஓராண்டுக்கு என்று விற்கப்பட்டது எனக்கு ஒன்பது மாதம்தான். வீட்டிலிருந்து டவுனுக்கும் நெல்லையப்பர் கோயிலுக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு இதே நிபந்தனை ஒரு பொருட்டாக இராது. ஆகவே விலையைப் பார்க்கும் முன் அவரவர் ஓட்டத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பழைய கார் வாங்குபவர்கள் வேறு எந்த ஊரைவிடவும் கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதியிலும் கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரையிலும் வீட்டு வாசல்களில் நின்ற வண்டிகள் மூழ்கின. நீரில் மூழ்கிய கார்கள் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருவதுண்டு. கழுவித் துடைத்துப் பாலிஷ் போட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் வயரிங் இணைப்புகளிலும் கம்ப்யூட்டர் பெட்டியிலும் ஏறிய ஈரம் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் பச்சை பூத்து வெளிப்படும். வெள்ளப் பாதிப்பையும், வாங்குவதற்கு முன்பே இருந்த குறையையும் வாரண்டி ஏற்காது. ஆகவே இத்தகைய வண்டிக்கு எந்த வாரண்டி எடுத்தாலும் தண்டம்.

இதைக் கண்டறிய பாய் எனக்குச் சொல்லித் தந்த வழிகளை அப்படியே தருகிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறைக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கைகளின் அடியில் உள்ள தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் வயதுக்கு மீறிய துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலைகளில் வண்டல் ஒட்டியிருக்கிறதா, கார்பெட்டைத் தூக்கினால் பூஞ்சை வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றோடு நானாக ஒன்றைச் சேர்த்தேன்: முந்தைய மூன்று ஆண்டுகளின் இன்சூரன்ஸ் பாலிசி நகல்களைக் கேட்டேன். கிளைம் எதுவும் இல்லாமல் ஆண்டுகள் செல்லச் செல்ல, நோ கிளைம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். 2023இல் 35 என்று இருந்தது 2024இல் பூஜ்யம் ஆகியிருந்தால், இடையில் ஒரு கிளைம் நடந்திருக்க வாய்ப்பு மிகுதி; அது எதற்கு என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும். அந்த டீசல் காருக்கு நகல்கள் கடைசி வரை வரவில்லை. வண்டி மூழ்கியது என்று நான் சொல்ல மாட்டேன். நகல் வராத வண்டியை வாங்கும் துணிவு எனக்கு இல்லை.

வேறு சில நிபந்தனைகளும் உண்டு. சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் வாரண்டி ரத்தாகும். குற்றாலம் சீசனில் தெரிந்தவர்களுக்கு என்று காரை விட்டுப் பணம் வாங்குபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். வெளியில் ஸ்டீரியோவோ கூடுதல் விளக்கோ மாட்ட வயரை வெட்டியிருந்தால், மின்சாரப் பழுதுகளுக்கான கிளைம் பெரும்பாலும் மறுக்கப்படும். ஒரு கிளைமுக்கு உச்சவரம்பு என்ன, லேபர் சார்ஜும் ஆயில், கூலன்ட் செலவும் யாருடையவை, பிரித்துப் பார்த்த பிறகு மறுத்துவிட்டால் பிரித்த கூலியை யார் தருவது என்பவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு வந்த புத்தகத்தில், எந்தப் பட்டறையில் காட்ட வேண்டும் என்ற பட்டியலில் இருந்த மிக அருகிலுள்ள ஊர் மதுரை. நடுவழியில் நின்ற வண்டியைச் சுமார் 160 கிலோமீட்டர் கட்டி இழுத்துச் செல்லும் செலவு குறித்து ஒரு வரியும் இல்லை.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, கார் தயாரித்த நிறுவனமே தரும் வாரண்டி நீட்டிப்பு மீதமிருக்கும் வண்டியைத் தேடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் எளியது: அந்நிறுவனத்தின் எந்த சர்வீஸ் சென்டரிலும் காட்டலாம், பாகமும் அவர்களுடையது, விற்ற கடை மூடிப்போனாலும் ஒப்பந்தம் நிற்கும். இதை வழக்கமாக, புதுக் காரோடு வரும் முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கியிருக்க வேண்டும். இடைவெளி விட்டுவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. முதல் வாரண்டியின் அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. மாருதி சுசுகி 2024 ஜூலை 9 முதல் விற்ற கார்களுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் தருகிறது. அதற்கு முன் அது 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டராக இருந்தது. ஆகவே மாடல் ஆண்டைக் கேட்டால் போதாது, டெலிவரி எடுத்த தேதியைப் பார்க்க வேண்டும்.

பத்து நாள்களில் அப்படி ஒரு வண்டி பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் டெலிவரி எடுத்த பெட்ரோல் கார், 41,000 கிலோமீட்டர் ஓடியது, ஐந்தாண்டுக்கு நீட்டிப்பு வாங்கியிருந்தார். அவரையும் அழைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய், சர்வீஸ் பதிவுகள் முழுவதையும் அச்செடுத்து வாங்கினேன். ஒரு சர்வீஸும் தவறவில்லை, ஓடிய தூரம் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக ஏறியிருந்தது. பாய் ஸ்கேனர் போட்டு, லிஃப்டில் தூக்கி, அரைநாள் செலவிட்டுப் பார்த்துத் தந்தார். டீசல் காரைவிட 40,000 ரூபாய் கூடுதல் விலை. கொடுத்தேன்.

கடை வாரண்டிக்குக் கட்டாமல் கையிலிருக்கும் 17,700 ரூபாயைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதம் 1,500 அதோடு சேர்த்து வருகிறேன். கிளட்ச் போனாலும், எந்த வாரண்டியும் ஏற்காத அந்த ஓஸ் போனாலும் அந்தப் பணம் உதவும். இதனால் எல்லோரும் வாரண்டியைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. தம்பி இப்போது பார்த்துக்கொண்டிருப்பது ஆட்டோமேட்டிக் கார். அந்த கியர் பாக்ஸ் போனால் வரும் செலவை மாதம் 1,500 சேர்க்கும் கணக்கு தாங்காது. நிறுவனத்தின் நீட்டிப்பு கிடைக்குமானால், விலை சற்று அதிகமானாலும் எடுத்துவிடு என்றே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

கிளைமை நியாயமின்றி மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிமாற்றங்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பேசப்போவது ரசீதுகளும் எழுத்தில் வாங்கிய பதில்களும்தான். அத்தானிடம் அவை இல்லாததால் அவர் போகவில்லை.

வண்டி என் பெயருக்கு மாறியதும், புதிய ஆர்சியின் நகலோடு வாரண்டியையும் என் பெயருக்கு மாற்றக் கோரி சர்வீஸ் சென்டரில் கடிதம் கொடுத்து, மற்றொரு படியில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆர்சி மாறினால் வாரண்டியும் தானாக மாறிவிடும் என்று விட்டுவிடுபவர்கள் பலர். அது தனி விண்ணப்பம். வரும் ஆகஸ்டில் இந்த ஐந்தாண்டு முடிகிறது. ஆறாம் ஆண்டுக்கு நீட்டிக்க இந்த வண்டிக்கு வழி உண்டா, உண்டென்றால் எந்தத் தேதிக்குள், எவ்வளவு என்று அடுத்த சர்வீஸின்போது எழுத்தில் கேட்பதாக இருக்கிறேன். பதில் வந்ததும், அவர்களுடைய புத்தகத்தையும் முதலில் கேட்டு வாங்கிப் படிப்பேன்.