“யாருமே ஆய்வு செய்யவில்லை” என்று எழுதுவதற்கு முன்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் பணியில் இருக்கும் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம், “இந்தத் தலைப்பில் யாருமே ஆய்வு செய்யவில்லை, சார்” என்பதுதான். சொல்பவர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறார். முன்னாய்வுகள் இல்லாத களம் கிடைத்துவிட்டால் முனைவர் பட்டத்தில் பாதி வேலை முடிந்தது என்ற நம்பிக்கை நம் துறைகளில் பரவலாக இருக்கிறது. ஆனால், தரவுத்தளம் எதையும் காட்டவில்லை என்பதும், ஆய்வு நிகழவில்லை என்பதும் ஒன்றல்ல. முன்பு இதழ்களுக்குச் சந்தா இல்லை என்பதைக் காரணமாகச் சொல்ல முடிந்தது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் வழியாக 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் காரணமும் வலுவிழந்துவிட்டது. இப்போது குறைவாக இருப்பது தேடும் திறன்தான்.

வரலாற்றுத் துறை ஆய்வாளர் ஒருவர், காவிரிப் படுகையில் ஊராரே கூடி ஏரி, வாய்க்கால்களைப் பராமரிக்கும் குடிமராமத்து முறை எவ்வாறு நலிந்தது என்று ஆராயப் புறப்பட்டார். இன்றைய நாளிதழ்கள் எழுதுவதுபோல அச்சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டியதும், 2017இல் தமிழக அரசு அதே பெயரில் தொடங்கிய நீர்நிலைத் தூர்வாரும் திட்டத்தைப் பற்றிய கட்டுரைகளே வந்து குவிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி ஒன்றுமில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். காலனிய அதிகாரிகளோ அச்சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள்: ஆங்கில முதலெழுத்து சிலருக்கு ‘கே’, சிலருக்கு ‘சி’, ஈற்றில் இன்று நாம் சேர்க்கும் எழுத்துகள் அவர்களிடம் இல்லை. தஞ்சாவூருக்கும் காவிரிக்கும் இதே நிலைதான். இந்த வடிவங்களையெல்லாம் ஓரிடத்தில் எழுதி, அவற்றுக்கிடையே, ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்று பொருள்படும் ‘ஆர்’ (OR) என்ற இணைப்புச் சொல்லைப் போட்டுத் தேடியபோது, மராமத்துப் பணிக்கு ஊராரைக் கட்டாயமாக வரவழைக்க வகைசெய்த 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பற்றிய விவாதங்கள் கண்ணில் படத் தொடங்கின.

அதன் பிறகும் பெரும்பகுதி மறைவாகவே இருந்தது. பொருளியலாளர்களும் மானிடவியலாளர்களும் இதே செய்தியைக் குடிமராமத்து என்ற தலைப்பில் எழுதுவதில்லை. அவர்கள் ஏரிப் பாசனம் என்றும் பாசன நிறுவனங்கள் என்றும், குறிப்பாகப் பொதுவளங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பரிசு பெற்ற பிறகு பொதுவள மேலாண்மை என்றும் எழுதுகிறார்கள். குடிமராமத்து என்ற சொல் கட்டுரையின் நடுவில், ஏதோ ஓர் அடிக்குறிப்பில்தான் வரும். ஆய்வுச் சுருக்கங்களைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸில் வழக்கமாகத் தேடும்போது தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், திறவுச்சொற்கள் ஆகியவை மட்டுமே அலசப்படுவதால் அத்தகைய கட்டுரை அகப்படாது. முழுக் கட்டுரையையும் அலசும் ஜேஸ்டோர் என்ற இதழ்த் தொகுப்பில் அகப்படும், ஆனால் தொடர்பற்ற நூற்றுக்கணக்கானவையும் உடன் வரும். ஆகவே அரிய சொல்லை முழு உரை உள்ள தளத்திலும், பொதுவான கருத்துச் சொற்களைச் சுருக்கங்களை மட்டும் கொண்ட தளத்திலும் தேடுமாறு நான் சொல்வது வழக்கம்.

தலைப்பைக் கூறுகளாகப் பிரித்துக்கொள்வது இந்த வேலையின் முதற்படி. இது நமக்குப் புதியதன்று. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை என்ற நூல் வகைப்பாட்டில் ஒவ்வொரு பொருளையும் அதன் முகங்களாகப் பிரித்து மீண்டும் கோக்கக் கற்றுக்கொடுத்தார். என்ன பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று அவர் கேட்ட கேள்விகளையே நானும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஆய்வாளரிடம் நீட்டுகிறேன். ஒரே கூறுக்குரிய மாற்றுச் சொற்களை ‘ஆர்’ இணைக்கும். வெவ்வேறு கூறுகளை, எல்லாமே இருக்க வேண்டும் என்று பொருள்படும் ‘ஆண்ட்’ (AND) இணைக்கும். தாள் நிரம்பும்வரை கணினியைத் தொட வேண்டியதில்லை என்பது என் கருத்து; இளைஞர்கள் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை.

மருத்துவம் சார்ந்த ஆய்வாளர்களின் சிக்கல் வேறு. செவிலியர் கல்வியில் ஆய்வு செய்யும் ஒருவர், தமிழக ஊரகப் பகுதி நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்புப் பழக்கங்கள் என்ற தம் முழுத் தலைப்பையும் அப்படியே பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இட்டார். அத்தளம் சிறு இணைப்புச் சொற்களை விட்டுவிட்டு, எஞ்சிய எல்லாச் சொற்களும் பதிவில் இடம்பெற வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. சொல் கூடக் கூட விளைவு சுருங்குகிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பேணிவரும் மெஷ் என்ற கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலில், பாதப்புண் என்ற தலைப்பின்கீழ் நீரிழிவுப் பாதம் என்பது தனித் தலைப்பாகவே இருக்கிறது. மேல்தலைப்பைக் கொண்டு தேடினால் அதன் உட்தலைப்புகளும் தாமே சேர்ந்துவரும். ஆனாலும் பப்மெட்டில் உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் மெஷ் தலைப்பு இடப்பட்டிருப்பதில்லை என்பதால், மெஷ் தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ கொண்டு சேர்த்தே தேட வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: நாம் இடும் சொல்லைப் பப்மெட் தானாகவே உரிய மெஷ் தலைப்போடு பொருத்திப் பார்க்கிறது. சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் அடைத்தாலோ, ஈற்றில் நட்சத்திரக் குறி இட்டாலோ அந்தப் பொருத்தம் நின்றுவிடும். எங்கும் மேற்கோள் குறி இடுவதே நல்ல தேடல் என்று பயிற்சி வகுப்புகளில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

‘நாட்’ (NOT) என்ற விலக்குச் சொல்லையும் நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. முதல் வகை நீரிழிவு வேண்டாம் என்று விலக்கினால், இரு வகைகளையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளும் சேர்ந்தே போய்விடும். அடைப்புக்குறி விடுபட்டாலும் ஏறக்குறைய இதே அளவு சேதம்தான். பப்மெட் இணைப்புச் சொற்களை இடமிருந்து வலமாகச் செயல்படுத்துகிறது. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளம் ‘ஆண்ட்’டை முடித்துவிட்டுத்தான் ‘ஆர்’ பக்கம் வருகிறது. அடைப்புக்குறி இல்லாத ஒரே தொடர் இரண்டு தளங்களிலும் வெவ்வேறு பொருள் தருவதற்கு இதுவே காரணம்.

சொற்கள் கைவிடும் இடத்தில், ஒரு கட்டுரை இன்னொன்றை எடுத்தாளும் மேற்கோள்கள் உதவும். யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையைப் பின்னாளில் யார் எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கித் தேடும் வழியைத் திறந்தது. நல்ல கட்டுரை ஒன்று கையில் இருந்தால், அதன் அடிக்குறிப்புகள் வழியே பின்னோக்கியும், கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரின் மேற்கோள் இணைப்பு வழியே முன்னோக்கியும் செல்லலாம். ஆனால், எத்தனை லட்சம் முடிவுகள் இருப்பதாகச் சொன்னாலும் கூகுள் ஸ்காலர் முதல் ஆயிரத்துக்கு மேல் காட்டுவதில்லை. முன்னாய்வுகளை எல்லாம் திரட்டி மதிப்பிடும் முறையான மீளாய்வுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் தேடுவது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தேடும்போது, தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் தனித்தனியாக இட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சிலப்பதிகாரத்தை ஆங்கில எழுத்தில் ‘சி’யில் தொடங்குவோரும் ‘எஸ்’ஸில் தொடங்குவோரும் இருக்கிறார்கள். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேட்டின் உள்ளே தேடினால், திரையில் தெளிவாகத் தெரியும் சொல்கூட அகப்படாது; அங்கே பொருளடக்கத்தைப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

தேடியதைப் பதிவுசெய்யும் பழக்கம் மருத்துவத் துறைக்கு வெளியே இன்னும் வேரூன்றவில்லை. மருத்துவ மீளாய்வுகளுக்கு வழிகாட்டும் பிரிஸ்மா 2020 நெறிமுறை, எந்தத் தளத்தில், எந்த நாளில், எந்தத் தொடரைக் கொண்டு தேடப்பட்டது என்று முழுமையாகத் தெரிவிக்கச் சொல்கிறது. வரலாறு, இலக்கியம் பயில்வோரிடமும் இதையே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்கிறேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் தாம் அறிந்த பழைய ஆய்வேடு ஒன்றின் பெயரைச் சொல்லி, இதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கும்போது, காட்டுவதற்கு அந்தக் குறிப்பேடாவது இருக்கும்.