வட்டி விகிதத்தை நடுவில் வெட்டாதீர்கள்

அக்கா மகள் இந்த வருடம் மெட்ரிக், அதாவது இங்கே தென்னாப்பிரிக்காவில் 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு. சனிக்கிழமை டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணிதம் முதல் தாளின் பழைய கேள்விகளோடு உட்கார்ந்தோம். 150 மதிப்பெண், 3 மணி நேரம், அதில் வட்டியும் தேய்மானமும் சேர்ந்து 15 மதிப்பெண் அளவுக்கு வரும். சூத்திரங்களைத் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, அப்படியும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இங்கே மதிப்பெண்ணை விடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

50,000 ரேண்ட், ஆண்டுக்கு 11% வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டி, 5 வருடம் கழித்து எவ்வளவு? 'காம்பவுண்டட் மன்த்லி' என்பதைக் கவனித்து 11%ஐ 12ஆல் வகுத்தாள், 5ஐ 60 மாதமாக்கினாள். பலர் இந்த இரண்டில் ஒன்றை மறப்பார்கள், இவள் மறக்கவில்லை. ஆனால் கால்குலேட்டரில் 0.0091666… என்று வந்ததை 0.009 என்று எழுதி, அதை வைத்தே மேலே போனாள். விடை 85,593 ரேண்ட்.

"மாமா, எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கேன்?"

சரியான விடை 86,445.79. 850 ரேண்டுக்கு மேல் காணோம்! அந்தச் சின்ன வால் 60 தடவை பெருகுகிறது, அதனால்தான். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கு என்று தாளில் சொல்வது கடைசி விடைக்கு மட்டும். நடுவில் 0.11/12 என்று பின்னமாகவே அடைப்புக்குறிக்குள் விட்டுவிடுங்கள், கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். (இங்கே தசமப் புள்ளிக்குக் கமா போடுவார்கள், ஊரிலிருந்து வந்த புதிதில் 0,11ஐப் பார்த்து நான் திணறியிருக்கிறேன்.)

அப்புறம் அவளே ஒன்று கேட்டாள்: ஆண்டுக்கு 12%, மாதாமாதம் கூட்டினால் பணம் எப்போது இரட்டிப்பாகும்? மாதத்துக்கு 1%, அதாவது பணம் மாதாமாதம் 1.01 மடங்காகிறது; லாக் (மடக்கை) 2ஐ லாக் 1.01ஆல் வகுத்தால் 69.66 மாதம். 69ஆ, 70ஆ? 69ஆவது மாத முடிவில் பணம் இன்னும் இரண்டு மடங்கைத் தொடவில்லை. பென்சிலை எடுத்து 70 என்று எழுதி, இரண்டு தடவை வட்டம் போட்டாள்.