கை முறிஞ்ஞு

2016-இல் கல்யாணம் முடிந்த கையோடு விருதுநகரிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு வந்தேன். வாளையார் தாண்டியதும் கேரளம். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். கடையில் நான் தமிழில் கேட்பேன், அவர்கள் மலையாளத்தில் பதில் சொல்வார்கள், சாமான் கைக்கு வந்துவிடும். பாஷை பிடிபட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

2018 ஜூனில் ஒரு மழைநாள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன். "சேட்டன்ற கை முறிஞ்ஞு, வேகம் வரணம்." எலும்புதான் முறிந்திருக்கிறது, மாவுக்கட்டுப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, மாற்று வேட்டியும் ஃபிளாஸ்க்கில் கஞ்சியும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு முறிந்தால் மலையாளத்தில் "ஒடிஞ்ஞு" என்பார்கள். "முறிஞ்ஞு" என்றால் அறுபட்டது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயிருந்தன. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்க வேண்டும். வேலை வேகமாக நடக்க ஒரு பட்டனைக் கட்டி வைத்திருந்தார்களாம்.

"விரல் எங்கே?" என்று டாக்டர் கேட்டார். யாரும் எடுத்து வரவில்லை. பிரஸ்ஸில் நசுங்கிய விரலை ஒட்டுவது கஷ்டம்தான், ஆனாலும் கொண்டுவந்திருந்தால் கோவைக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்றார். கம்பெனி எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அந்தச் சொல் எனக்குப் புரிந்திருந்தால் அங்கே போய்த் தேடியிருப்பேன். இன்றைக்கும் ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, வீட்டில் கிரைண்டரில் மாட்டியது என்று எழுதிவிடலாம், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான் தலையாட்டியிருப்பேன். கூட வந்த பக்கத்து வீட்டுச் சேச்சி, மில் வேலை பார்த்தவர், விடவில்லை. ஆஸ்பத்திரி முதல் சீட்டில் எழுதுவதுதான் கடைசிவரை பேசும் என்று, கம்பெனியில் வேலை நேரத்தில் நடந்தது என்றே எழுதவைத்தார். கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று ஈஎஸ்ஐ ஆபீசில், அதாவது தொழிலாளர் காப்பீட்டு ஆபீசில், கேட்கச் சொன்னதும் அவர்தான். வேலையில் படும் காயத்துக்கு ஈஎஸ்ஐ முதல் நாளிலிருந்தே உண்டு. இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. கம்பெனி பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளிக்கு உள்ளது போகாது. கம்பெனியிடம் அவர்கள் வசூலித்துக்கொள்வார்கள்.

காயம் ஆறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் வந்தது. அப்புறம் இழப்பு எவ்வளவு என்று பார்க்கும் மெடிக்கல் போர்டு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு, கட்டைவிரல் ஒன்று போனாலே 30 என்று சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. அவருடைய தினச் சம்பளம் 500 ரூபாய். அதில் 90 சதவீதம் 450, அதில் 20 சதவீதம் 90. நாளுக்கு 90 ரூபாய், ஆயுள் முழுக்க. பெரிய பணம் இல்லைதான். கிரைண்டர் என்று எழுதியிருந்தால் அதுவும் இல்லை.

இல்லாத விரல் வலிக்கிறது என்பார். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. இப்படி வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனம் அடங்கியது. வெட்டுப்பட்ட இடத்தில் சட்டைத் துணி பட்டாலே துடிப்பார். ஒரு பாத்திரத்தில் அரிசியைப் போட்டுத் தினமும் கையை அதற்குள் அளையச் சொன்னார்கள். மகளும் கூடவே கையை விட்டு அப்பாவின் விரல்களைத் தேடுவாள். மூன்று மாதத்தில் கூச்சம் குறைந்தது. சட்டைப் பொத்தான் போட ஒரு வருஷம் ஆனது. இப்போது அதே கம்பெனியில் ஸ்டோரில் இருக்கிறார்.

போன மாதம் தேனியிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் லைனுக்குக் குடிவந்தது. அந்தப் பையனுக்கும் பிரஸ் வேலை. அவன் மனைவிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முறிஞ்ஞு என்றால் அறுபட்டது, ஒடிஞ்ஞு என்றால் எலும்பு. விரல் துண்டானால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும், விரல் நேராக ஐஸில் படக்கூடாது. அவள் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, "முறிஞ்ஞு, முறிஞ்ஞு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.