சுவரில் ஏறும் ஓதத்தைக் கணக்கில் பிடித்துப் பார்த்தேன்

வேலூரில் பழைய செங்கல் வீடு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி: அக்னி நட்சத்திரத்தில் ஓரடியில் நிற்கும் ஓதம், கார்த்திகை மார்கழியில் இரண்டடிக்கு ஏறிவிடும். எங்கள் வீட்டு முன்னறைச் சுவரும் அப்படித்தான். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு கணக்குக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் செங்கல். சேம்பர் கல் ஒன்றை, இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை மொட்டைமாடி வெயிலில் காயவிட்டேன். தட்டில் இரண்டு கம்பித்துண்டு, அதன்மேல் கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அடி மட்டும் நனைகிற அளவுக்கு இரண்டு மூன்று மி.மீ. தண்ணீர். 1, 4, 9, 16, 25 ஆகிய நிமிடங்களில் கல்லை எடுத்து, அடியை ஈரத்துணியால் ஒற்றி, சமையல் தராசில் வைத்தேன். இந்த நிமிடங்களின் வர்க்கமூலம் 1, 2, 3, 4, 5 என்று வரும் என்பதால்தான் இவற்றை எடுத்துக்கொண்டேன். ஏறிய எடை: 10, 20, 29, 39, 48 கிராம்.

இதைப் பார்த்தபோது உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நேரம் நான்கு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்குதான் ஏறுகிறது. நுண்துளைகளின் இழுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மேலே போகிற ஒவ்வொரு சொட்டும் ஏற்கெனவே நனைந்த பாதை முழுவதையும் கடந்து வரவேண்டும், பாதை நீள நீள வேகம் குறைகிறது. மெல்லிய குழாய்களில் இது இப்படித்தான் நடக்கும் என்று விஞ்ஞானிகள் லூக்காஸ் 1918-இலும் வாஷ்பர்ன் 1921-இலும் காட்டிவிட்டார்கள். நம் ஊர்ச் சூளைக்கல்லும் அதே விதிக்குக் கட்டுப்படுகிறது! கல்லின் அடிப்பரப்பு 82 ச.செ.மீ.; ஏறிய எடையை இதனால் வகுத்தால் ஒரு நிமிடத்தின் வர்க்கமூலத்துக்கு 1.2 மி.மீ. தண்ணீர். இதற்குப் பெயர் சார்ப்டிவிட்டி, அதாவது ஒரு பொருள் தண்ணீரை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு.

கான்கிரீட்டுக்குப் பொறுமை வேண்டும். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையை நாலு அங்குல பிவிசி பைப் துண்டுகளில் ஊற்றி, 28 நாள் தண்ணீரில் போட்டு, 50 மி.மீ. கனமுள்ள வில்லைகளாக எடுத்து, பக்கவாட்டில் மெழுகு பூசினேன். வெயிலில் காய்ந்த வில்லை மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். அதனால்தான் அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் சி1585 என்ற சோதனை முறையில், 50 டிகிரி சூட்டில் 3 நாள் வைத்தபிறகு குறைந்தது 15 நாள் மூடிய பாத்திரத்தில் வைக்கச் சொல்கிறார்கள்; உள்ளீரம் எங்கும் சமமாகப் பரவ அவ்வளவு காலம் தேவை. நான் மாடி வெயிலையும் இறுக மூடிய டப்பாவையும் வைத்து அதையொட்டிச் செய்தேன். கிடைத்த சார்ப்டிவிட்டி சுமார் 0.12. செங்கல்லில் பத்தில் ஒரு பங்கு.

இனி மாடல். வில்லையை 1 மி.மீ. அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் அடுத்ததற்கு எவ்வளவு ஈரம் போகிறது என்று பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்கிட்டேன். சிக்கல் எங்கே என்றால், ஈரம் பரவும் வேகம் அந்த இடத்து ஈரத்தையே பொறுத்தது. நன்றாக நனைந்த அடுக்கில், காய்ந்த அடுக்கைவிட 400 மடங்கு வேகம் என்று வைத்தேன். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் ஈரத்தின் விளிம்பு மங்கலாகப் பரவாமல் கோடு கிழித்ததுபோல் நிற்கிறது. அதே காரணத்தால் கணிப்பும் மெதுவாக நடக்கிறது: என் எண்களுக்கு நேரத்தை ஒரே தாவலில் 9 விநாடிக்கு மேல் நகர்த்தினால் விடை தறிகெட்டுப் போய்விடும். முதல் ஆறு மணி நேரம் மாடலும் தராசும் ஒட்டிப்போயின. அதன்பிறகு நிஜ வில்லை பின்தங்குகிறது. சிமென்ட் ஜெல் தண்ணீர் பட்டு உப்பித் துளைகளைக் குறுக்குவது இதற்கு ஒரு காரணம். அது என் சமன்பாட்டில் கிடையாது.

சுவருக்கு இவ்வளவு அடுக்குகள் தேவைப்படவில்லை. 1 மைக்ரான் ஆரமுள்ள துளை தண்ணீரைக் கிட்டத்தட்ட 15 மீட்டர் தூக்கக்கூடியது. அப்படியானால் ஓதம் இரண்டடியில் நிற்பதற்குப் புவியீர்ப்பு காரணமாக இருக்கமுடியாது. அதை நிறுத்துவது காற்று. அடியில் ஏறுகிற தண்ணீரும் சுவரின் முகத்தில் ஆவியாகிற தண்ணீரும் எங்கே சமமாகின்றனவோ அங்கே கோடு விழுகிறது. ஒன்பது அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் காற்று, பக்கத்துக்கு ஒரு நாளில் சுமார் 1.4 மி.மீ. ஆவியாதல், இடையில் கலவை மூட்டுகள் இருப்பதால் சார்ப்டிவிட்டியைப் பாதியாக 0.6, ஈரம் கொள்ளும் அளவு 20 சதவீதம் என்று போட்டேன். வந்த உயரம் 32 செ.மீ. கோடையின் ஓரடி!

ஐப்பசியில் ஆவியாதல் கால்பங்காகக் குறைந்தால் உயரம் இரண்டு மடங்கு, 64 செ.மீ. புது உயரத்தை நோக்கி நகர எடுக்கும் காலமும் அதே சமன்பாட்டிலிருந்து வருகிறது: கோடையில் சுமார் 8 நாள், மழையில் சுமார் 32 நாள். ஐப்பசி மழைக்குக் கார்த்திகையில் ஓதம் ஏறுவது ஏன் என்று எனக்கு இப்போதுதான் பிடிபட்டது.

இந்தக் கணக்கை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. ஓதம் வந்த சுவருக்கு ஊரில் சொல்லும் வைத்தியம், அடியில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுவது, அல்லது ஆயில் பெயிண்ட் அடிப்பது. பக்கத்து வீட்டில் அப்படித்தான் முடிவெடுத்திருந்தார்கள். சுவரின் ஒரு முகத்தை அடைத்தால் உயரம் √2 மடங்கு, அதாவது 32 செ.மீ. 45 ஆகிறது. இரண்டு முகத்தையும் அடைத்தால் டைல்ஸுக்கு மேலே போய்த்தான் நிற்கும். அவர்கள் வீட்டு மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "ஆமா சார், டைல்ஸுக்கு மேல பொரிஞ்சி உதிர்றத நானே பாத்திருக்கேன். சுண்ணாம்பு பூசின பழைய சுவத்துல இந்த கோளாறு கம்மி" என்றார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். அஸ்திவாரத்துக்கு மேலே, ஈரம் ஏறாமல் தடுக்கும் டிபிசி பட்டை ஒழுங்காகப் போடாத வீட்டில், வெளிப்பக்கத்துச் சிமென்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக்கு மாறுவதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. எங்கள் வீட்டில் தெருப்பக்கச் சுவரை அப்படி மாற்றியாயிற்று.

அடுத்து உப்பைச் சேர்க்கவேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. பாலாற்றை ஒட்டிய பல இடங்களில் சுவரில் பூக்கும் வெள்ளை அதைத்தான் காட்டுகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கித் துளையை அடைக்கிறது, ஆவியாதல் குறைகிறது, கோடு மேலே நகர்கிறது. போதாததற்கு, சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். இப்போது இரண்டு செங்கல் தட்டில் நிற்கின்றன, ஒன்று குடிநீரில், மற்றது உப்புக் கரைசலில். இரண்டிலும் ஈரக்கோட்டின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவருகிறேன்.