செபமாலையின் மறுபாதி

அக்கா போனபிறகு என்னால் செபமாலை சொல்ல முடியவில்லை. மறந்துவிடவில்லை, ஆள் போதவில்லை. எங்கள் வீட்டில் அது இரண்டு பேர் வேலை. ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் செபத்தின் முதற்பாதியை "அருள் நிறைந்த மரியே" என்று விறாந்தையிலிருந்து நான் தொடங்குவேன். மறுபாதியை "அர்ச்சிஷ்ட மரியே" என்று குசினியிலிருந்து அக்கா எடுப்பார். மாப் பிசைந்தபடி, இழுத்து இழுத்துச் சொல்வார். 2006இல் போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடித் தங்கிய இடத்திலும் அப்படித்தான். இப்போது 53 மணிகளும் என் கையில் மட்டும். "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று சொன்னதும் நாக்கு நின்றுவிடும். காது குசினிப் பக்கம் போய்விடும்.

இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் சொன்னாரே, அந்த வசனம் ஆறுதலுக்குரியது என்பார்கள். எனக்கு அது குத்தியது. குறைந்தது இரண்டு பேராவது வேண்டுமாம். நான் ஒருத்தி.

ஆண்டு நினைவுப் பூசைக்குச் சொல்லி வைக்க, சனிக்கிழமை மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் பஸ் ஏறினேன். மூதூரிலும் கோயில் உண்டு. ஆனால் தூய மரியாள் பேராலயத்தில்தான் அக்கா முதல்நன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்கினார். அந்தக் காலத்தில் லாஞ்சில் ஏறிக் கொட்டியாரக்குடாவைக் கடப்போம். தரை வழியென்றால் கிண்ணியாவில் பாதைக்காக, வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்காக, காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் பஸ் அங்கே நில்லாமல் ஓடுகிறது. பேசிக்கொண்டே காத்திருக்கத் துணையில்லாதவளுக்கு அதுவும் நல்லதுதான்.

பஸ் நிலையத்திலிருந்து நடந்தேன். தெருவோரம் புள்ளிமான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. இந்த நகரத்தில் மானுக்கு யாரும் வியப்பதில்லை. பேராலயத்தின் வான்நீல முகப்பு வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. 1852இல் எழுந்த கோயில். 1893இல் உருவான மறைமாவட்டத்தின் தலைக்கோயில் இது. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரிந்துபோனது. மறைமாவட்டத்துக்கே தனியே இருக்கப் பழக வேண்டியிருந்தது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பகல்வேளை, கோயில் கிட்டத்தட்ட வெறுமை. செபமாலையை எடுத்தேன். சனிக்கிழமை மகிழ்ச்சி மறைபொருள்: இயேசு, மரியாள் வாழ்வின் ஐந்து மகிழ்ச்சியான நிகழ்வுகளை, பத்து மணிக்கு ஒன்றாக நினைத்துச் சொல்வது. முதல் பத்து மணிகளைத் தட்டுத்தடுமாறிக் கடந்தேன். இரண்டாவது, மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கப் போனது. முதற்பாதியைச் சொல்லி, வழக்கம்போல் நின்றேன்.

"அர்ச்சிஷ்ட மரியே, சர்வேசுரனின் மாதாவே..."

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு கிழவியின் குரல். திரும்பிப் பார்த்தேன். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. கை மட்டும் "சொல்லு, சொல்லு" என்றது.

என்ன வேகம்! பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போலச் சொன்னார். நான் மூச்செடுப்பதற்குள் "ஆமென்" வந்து விழும். முதலில் எரிச்சல்தான் வந்தது. அக்காவின் இழுவைக்குப் பழகிய காது அல்லவா? நான்காம் மறைபொருளில்தான் எங்கள் இருவருக்கும் தாளம் பிடிபட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் தனியாகச் சொல்கிறேன் என்று நினைத்த முதற்பாதியே ஒருவர் சொல் இல்லை. தொடக்கம் வானதூதருடைய வாழ்த்து. "பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே" என்பது எலிசபெத்துடையது. மலைநாட்டு வீட்டு வாசலில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கண்டு சொன்னது. மறுபாதியிலோ "எனக்காக" என்ற சொல்லே இல்லை. "எங்களுக்காக" என்றுதான் இருக்கிறது. இத்தனை வருடம் அக்கா அதைத்தான் குசினியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கிழவி எழுந்து வந்தார். "எந்த ஊர், பிள்ளை?"

"மூதூர்."

"அப்படியென்றால் வெயில் தாழ்ந்தபின் போ" என்றார். பெயரை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவு விறாந்தையில் உட்கார்ந்து தொடங்கினேன். முதற்பாதி முடிந்ததும் காது குசினிப் பக்கம் போகத்தான் செய்தது. கொஞ்சம் பொறுத்து, மறுபாதியை நானே எடுத்தேன். சற்று வேகமாகவே வந்தது.