அந்தப் பத்து யாருடையது?

எங்கள் வீட்டுக்காரர் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்கிறார் என்றால் இன்னமும் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறீர்கள். நியாயம்தான். கரப்பான்பூச்சிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுகிற ஆள். ஆனாலும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், ஆரம்ப நிலை பேட்ச். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போட்டோ. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் ஒரு டி-சர்ட்டும் சாதாரண மூக்குக்கண்ணாடியுமாக வந்து, இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிப் போனாரே, அந்தப் போட்டோ. இவருடைய பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதே கலப்பு இரட்டையர் போட்டியில்தான் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்கள். அந்தப் பக்கம் இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாக்கெட்டில் கை விட்டவர்தான் குலதெய்வம். "அவுருக்கு 51 வயசு. எனக்கு 49. இன்னும் ரெண்டு வருசம் கெடக்குது" என்றார். கிடக்கிறது என்ற தெம்பில் ஒன்றரை வருஷம் சும்மா இருந்துவிட்டுத்தான் பணம் கட்டினார். அந்த டிகெச் 2008 பெய்ஜிங்கில் தொடங்கி ஒரு ஒலிம்பிக்கையும் விடாமல் சுட்டு, ஐந்தாவதில்தான் பதக்கத்தைப் பார்த்தார் என்று நான் சொன்னது காதில் விழவில்லை. பாக்கெட்டில் கை விடுகிற பாடம் மட்டும் இவருக்கு முதல் நாளே வந்துவிட்டது.

அத்தைக்குத்தான் முதலில் பயம். "ஏஞ்சாமி, போலீஸ்காரன் வந்து வாசல்ல நின்னா என்ன சொல்லுவ?" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அத்தையின் அப்பா தோட்டத்தில் ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சரியாக அந்த நாட்களில்தான் காட்டுப்பன்றி கடலைக்காட்டுக்குள் இறங்குமாம். தேர்தல் தேதி நமக்கு முன்னால் பன்றிக்குத் தெரிந்துவிடும் என்பது அத்தையின் முடிவான கருத்து. இவர் பொறுமையாக உட்கார்ந்து, இது 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி, 20 ஜூல் சக்திக்கு உட்பட்டது, 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை என்று விளக்கினார். அத்தை முகம் சுருங்கிவிட்டது. "லைசென்ஸே வேண்டாம்னா அப்புறம் அது என்னடா துப்பாக்கி?"

வகுப்பில் ஆரம்பத்தில் குண்டையே கண்ணில் காட்டவில்லை. குழல் எப்போதும் எதிரே தொங்குகிற குறி அட்டையைப் பார்த்தே இருக்க வேண்டும், சுடப்போகும் நேரம் தவிர விரல் ட்ரிகருக்கு வெளியே, குண்டு இல்லை என்று காட்ட குழலுக்குள் ஒரு பளிச்சென்ற கயிறு. இதுதான் பாடம். குழந்தைகள் அரை மணி நேரத்தில் பழகிவிட்டார்கள். எங்கள் ஆளுக்குப் பேச்சு வந்தால் கை தானாக நீளும். வீட்டில் டிவி ரிமோட்டையும் தோசைக்கரண்டியையும் நீட்டித்தான் அரசியல் பேசுவார். பாவம் கோச் தம்பி, அந்த வாரங்களில் "சார், கை... சார், கை..." என்பதைத் தவிர வேறு எதுவும் பேசி நான் கேட்கவில்லை.

அப்புறம் குறி பார்க்கும் பாடம். துரோணர் கிளியின் கண்ணை மட்டும் பார்க்கச் சொன்னார் என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? இங்கே தலைகீழ். அட்டையைப் பார்க்காதே, பிஸ்டல் முனையில் இருக்கிற முன்குறியைப் பார், அது தெளிவாக இருந்தால் போதும், கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை என்கிறார்கள். "எதைச் சுடோணுமோ அதைப் பார்க்காதன்னா எப்புடீங்க தம்பி?" என்று இவர் கேட்டதற்கு ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எழுந்து விளக்கம் சொன்னான். போதாக்குறைக்கு இவருக்கு வெள்ளெழுத்து. ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியில் தலையைத் தூக்கினால் முன்குறி தெரிகிறது, தாழ்த்தினால் அட்டை தெரிகிறது. நடுவில் நிறுத்தினால் அடுத்த லேனின் ட்யூப்லைட் தெரிகிறது.

வீட்டுப் பாடமும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, கையை நீட்டி, ஹாலில் வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அந்த நேரம் யாரும் குறுக்கே போகக் கூடாது. மிக்ஸி போடக் கூடாது, நாடித்துடிப்பு ஏறுகிறதாம். சட்னி இல்லாமல் இட்லிப்பொடியிலேயே காலம் ஓடுகிறது. வகுப்பு நாளன்று காபி கிடையாது, கை நடுங்கும் என்று கோச் சொல்லிவிட்டார். காபி குடிக்காத இவரோடு காந்திபுரம் சிக்னலைத் தாண்டுவது எப்படி இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.

நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், அம்மாக்கள் வரிசையில். மூன்று பேட்சையும் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. புதிதாக வந்தவர்கள் ஓயாமல் சுடுகிறார்கள். அட்டையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் சந்தோஷம். ஏதோ ஒரு நாள் பத்தை, அதாவது அட்டையின் நட்டநடு வட்டத்துக்கான முழு மார்க்கைப் பார்த்துவிட்டு, அது மறுபடி வராமல் கிரிப்பை, கண்ணாடியை, ஃபேன் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது நடு பேட்ச். சீனியர்கள் சுடுவதே அபூர்வம். பாதி நேரம் குண்டே இல்லாமல் சுவரைப் பார்த்து ட்ரிகரை இழுத்துக்கொண்டிருப்பார்கள். குண்டு போட்டாலும் கை ஏறும், நிற்கும், மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் அப்படியே இறங்கிவிடும். சுட்டார்களானால், அட்டை திரும்பி வருவதற்கு முன்பே எங்கே விழுந்திருக்கும் என்று நோட்டில் குறித்துவிடுவார்கள். பிறகு அட்டையைப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.

கையை ஏற்றிவிட்டுச் சுடாமல் இறக்குவது எங்கள் வீட்டுக்காரருக்கு இன்றுவரை வரவில்லை. "பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறார். ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வர வெட்கப்பட்டு, வேண்டாத ஜமுக்காளத்தோடு வருகிற மனுஷரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

சரி, போன ஞாயிறு நடந்ததுக்கு வருகிறேன். அன்றைக்கு எல்லா பேட்ச்சுக்கும் சேர்த்துப் பயிற்சி. சீனியரைப் பார்த்து ஜூனியர் கற்றுக்கொள்ளட்டும் என்று லேன்களைக் கலந்து கொடுத்திருந்தார்கள். இவருக்கு இடது பக்கம் அந்த விளக்கம் சொன்ன பையன். வலது பக்கம் மாநிலப் போட்டிக்குப் போகிற பதினோராம் வகுப்புப் பெண். அவள் அம்மா என் பக்கத்து நாற்காலி. ஒவ்வொரு வாரமும் ஒரு டப்பா தேங்காய்ப்பால் முறுக்கு கொண்டுவந்து எனக்குத்தான் முதலில் நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நான் அங்கே போய் உட்கார்வதற்கு அந்த முறுக்கைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"ஸ்டார்ட்" என்றார் கோச். இவர் கை ஏறியது, நடுங்கியது, வழக்கம்போல இறங்காமல் சுட்டது. பட்டனை அமுக்கினார். கயிற்றில் அட்டை ஆடி ஆடி வந்தது. ஓட்டையே இல்லை. திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையன் எட்டிப் பார்த்து, "போன வாரம் மாதிரி சுவத்துல போயிருக்கும் அங்கிள்" என்று ஆறுதல் சொன்னான்.

அதே நேரம் வலது பக்கம் அந்தப் பெண்ணின் அட்டை வந்து நின்றது. சீனியர்களுக்கு அட்டைக்கு ஒரு குண்டுதான். அதில் இரண்டு ஓட்டை. ஏர் பிஸ்டல் குண்டின் முகம் தட்டையாக இருக்கும், பஞ்சிங் மிஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டிவிட்டுப் போகும். ஓட்டையின் விளிம்பில் ஈயம் தேய்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம். நடுவில் பத்து இருக்கிறதே, அதன் வட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். ஒரு ஓட்டை அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று இடது ஓரமாக, எட்டில்.

"அங்கிள், உங்களுது இங்க வந்திருச்சு" என்றாள் அந்தப் பெண்.

இவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பத்து!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கடைசி லேனில் ஒரு குழந்தை பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டது.

கோச் ஓடி வந்தார். இரண்டு குண்டும் ஒரே டப்பாவில் எடுத்தவை, ஓட்டையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. "சார், பக்கத்து அட்டையில போட்டா அது ஜீரோதானுங்க. பத்தா இருந்தாலும் ஜீரோதான்" என்றார்.

"ஜீரோவே போடுங்க தம்பி, பரவால்ல. ஆனா அந்தப் பத்து யாரு போட்டதுன்னு மட்டும் சொல்லிருங்க."

கோச் அட்டையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், அடுத்த மாதம் இவர் கட்டவேண்டிய ஃபீஸை நினைத்தாரோ என்னவோ, மேலே பார்த்தார். என் பக்கத்தில் அந்தம்மா, யாரையும் பார்க்காமல், "எங்க பொண்ணு எட்டெல்லாம் போடாதுங்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். முறுக்கு டப்பா மூடுகிற சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

அதற்குமேல் அந்தப் பெண்ணே அட்டையைக் கழற்றி, "நீங்களே வச்சுக்கங்க அங்கிள்" என்று கொடுத்துவிட்டாள்.

காரில் அட்டையை ஓரத்தில் மட்டும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் மேத்யூ எம்மன்ஸ் கதை. 2004 ஏதன்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைஃபிள் இறுதிச் சுற்று, அமெரிக்கக்காரர் எம்மன்ஸ் முன்னிலையில் இருக்கிறார், கடைசி குண்டு சுமாராகப் போட்டால்கூடத் தங்கம். இரண்டாம் லேனில் நின்றுகொண்டு மூன்றாம் லேன் அட்டையில் சுட்டுவிட்டார். ஜீரோ. எட்டாவது இடம். அன்று மாலை அவருக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் செக் நாட்டு வீராங்கனை கேத்தரீனா, அந்த ஒலிம்பிக்கிலேயே வெண்கலம் வாங்கியவர். பேசினார்கள், பழகினார்கள், 2007-ல் கல்யாணமே முடிந்துவிட்டது.

"பாத்தியா? இந்தத் தப்பு பெரிய ஆளுங்களுக்குத்தான் வரும்" என்று முடித்தார்.

"ஆறுதல் சொல்ல வந்தவளை அவரு கட்டிக்கிட்டாரு. நான் கட்டிக்கிட்டதுக்கே இன்னும் யாரும் வந்து ஆறுதல் சொல்லலீங்க" என்றேன். சிங்காநல்லூர் வரைக்கும் பேச்சு இல்லை.

அட்டை இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில். பத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் தேதி, கையெழுத்து. கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பார்த்துவிட்டார். கூரியர் தம்பி பார்த்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா உறைமோருக்கு வந்து பத்து நிமிஷம் மாட்டிக்கொண்டார். அந்த இன்னொரு ஓட்டை என்ன என்று அவர் கேட்டதற்கு, "அது பக்கத்து லேன் பொண்ணு போட்டதுங்க்கா. சின்னப் பொண்ணு, போகப் போகக் கத்துக்கும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மோரில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். மாநிலப் போட்டிக்குப் போகிற பிள்ளைங்க அது!

அத்தையோ அட்டையின் ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு குண்டுக்கு எந்தப் பன்னிடா சாகும்?" என்று கேட்டுவிட்டுச் சீரியலுக்குப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். நேற்று உழவர் சந்தையில் அந்த அம்மாவையும் பெண்ணையும் பார்த்தேன். அம்மா எனக்கு ஒரு அரைச் சிரிப்புக் காட்டிவிட்டு அவரைக்காய்க்காரரிடம் பேரம் பேசப் போய்விட்டார். பெண் மட்டும் என் கூடைப் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"ஆன்ட்டி, அந்தப் பத்து அங்கிளோடதுதான்."

"சும்மா சொல்லாத கண்ணு."

"நெசமா ஆன்ட்டி. இழுக்கறப்பவே தெரிஞ்சிருச்சு, மணிக்கட்டு லேசா மடங்கிருச்சு. இடது பக்கம் எட்டுன்னு அட்டை வர்றதுக்கு முன்னாடியே நோட்டுல எழுதிட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அந்த நோட்டு அவள் கையில் இல்லை. மாநிலப் போட்டிக்குப் போகிற பெண்ணுக்கு எட்டு விழுமா? விழலாம், ப்ளஸ் ஒன் பரீட்சை வேறு நடக்கிறது. இல்லை, வயசான மனுஷர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம். முகத்தைப் பார்த்தேன். ட்ரிகரை இழுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கூடையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. சொன்னால் அடுத்த நிமிஷமே சொந்தப் பிஸ்டல் என்று ஆரம்பிப்பார். போட்டியில் சுடுகிற வெளிநாட்டு ஏர் பிஸ்டல் லட்சத்துக்கு மேல். வாஷிங் மிஷின் டிசம்பரிலிருந்து ரிப்பேராகக் கிடக்கிறது. அந்தம்மாவிடம் சொல்வதும் நடக்காத காரியம், பிள்ளையிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. நாளை ஞாயிறு. டப்பாவை எனக்கு முதலில் நீட்டுகிறாரா, இல்லை நேராக மூன்றாவது நாற்காலிக்குப் போகிறாரா என்று பார்க்க வேண்டும். எதற்கும் இன்று ராத்திரி நானே கொஞ்சம் ரிப்பன் பகோடா பிழிந்து வைத்துக்கொள்கிறேன்.