இரண்டாம் முறை கிடைத்த ஜிஎஸ்டி: முதன்முதலாகத் தொழில் பதிவு செய்பவர்களுக்கு

நேற்று மாலை நாலரை மணிக்கு ஜிஎஸ்டி எண் வந்துவிட்டது. 33-இல் தொடங்கி, எண்ணும் எழுத்துமாகப் பதினைந்து. போனை மாமனாரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முதல் விண்ணப்பம் தள்ளுபடியான அன்று, தன் வீட்டுக் காகிதத்தால்தான் மருமகளுக்குத் தடங்கல் என்று ராத்திரி சாப்பிடாமலே படுத்தவர் அவர். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, பூண்டுப் பொடி அரைத்து விற்கிறேன். தனி உரிமையாளர் தொழில்தான். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெங்களூரில் ஒரு கடைக்காரர் மாதம் 30 கிலோ கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த 40 லட்சக் கணக்கு செல்லாது. முதல் கிலோவுக்கே பதிவு வேண்டும்.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் அரை மணி நேரத்தில் முடிந்தது, உணவுப் பாதுகாப்புப் பதிவும் சிக்கலில்லாமல் வந்தது. அந்தத் தைரியத்தில் ஜிஎஸ்டியில் இறங்கினேன். தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்று கேட்டார்கள்; எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் இருந்த எல்லாக் காகிதத்தையும் ஏற்றினேன். தப்பு அங்கேதான் நடந்தது.

இபி பில் மாமனாரின் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் 2009-இல் காலமாகிவிட்டார். பத்திரமும் அவர் பெயரில்தான். வீட்டு வரி மட்டும் மாமனார் பெயருக்கு மாறியிருந்தது. இந்த வீட்டில் தொழில் செய்யச் சம்மதம் என்று ஒப்புதல் கடிதம் எழுதிய அன்று மாமனார் ஊரில் இல்லை என்று மாமியாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒரே வீட்டுக்கு மூன்று பெயர். போதாததற்கு ரசீதில் கதவு எண் ‘பழைய எண் 14, புது எண் 31’. நான் தட்டச்சு செய்தது வெறும் 14.

ஆறாம் நாள் விளக்கம் கேட்டு ரெக்-03 நோட்டீஸ் வந்தது. பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான். நான் கொடுத்திருந்தது பிரௌசிங் சென்டர்காரருடைய மின்னஞ்சல் என்பதால் என் கண்ணுக்கு வரவே நாலு நாள் ஆகிவிட்டது. பதறிப்போய் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஏற்றினேன். வாரிசுச் சான்றிதழில் மாமனாரோடு இரண்டு அத்தைகள் பெயரும் இருக்கிறது. கேள்வி கூடியதே தவிரக் குறையவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி.

இரண்டாம் முறை ஏற்றியவை:
- மாமனார் பெயரில் உள்ள இந்த ஆண்டு வீட்டு வரி ரசீது
- வெள்ளைத்தாளில் மாமனார் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம்
- மாமனாரின் ஆதார் நகல்

அவ்வளவுதான். இபி பில்லைத் தொடவே இல்லை. முகவரியை ரசீதில் உள்ளபடி, பழைய எண் புது எண் இரண்டையும் சேர்த்து அடித்தேன். ஐந்தாவது வேலை நாளில் எண் வந்துவிட்டது. உறவினருக்குச் சொந்தமான வீட்டில் தொழில் செய்தால் வீட்டின் உரிமைக்கு ஏதாவது ஒரு சான்று, ஒப்புதல் கடிதம், அவருடைய அடையாளச் சான்று போதும் என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2025 ஏப்ரலில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. அது தெரியாமல் ஒன்றரை மாதம் அலைந்தேன். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு காகிதமும் இன்னொரு முரண்பாட்டைக் கொண்டுவரும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தகும்.

அடுத்தது இனிஷியல். நம் ஊர்ப் பெண்களுக்கு இது தனித் தலைவலி. ஆதாரில் எனக்கு அப்பா இனிஷியல், ஒற்றை எழுத்து. பானில் அப்பா பெயர் முழுசாக விரிந்து என் பெயருக்குப் பின்னால். வங்கிப் புத்தகத்தில் கணவர் இனிஷியல். எந்தப் பதிவையும் தொடங்கும் முன்பே ஆதாரை பானுக்குச் சரியாக மாற்றிக்கொண்டேன், அதனால் தப்பித்தேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். ஆகவே எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

மற்றவை, நோட்டில் எழுதி வைத்தபடி:

- உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அரசு தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பணம் கேட்கும். என் தோழி ஒருத்தி 1,500 ரூபாய் கட்டிவிட்டாள்.
- உத்யமில் தொழில் குறியீட்டை அவசரத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். மசாலா அரைப்பதற்கு 10795. வியாபாரம் என்று போட்டுவிட்டால் நீங்கள் உற்பத்தியாளர் இல்லை, வெறும் வியாபாரி ஆகிவிடுவீர்கள்.
- உணவுப் பொருளுக்கு, 2025-இல் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதுமாக இருந்தது. அப்போது நான் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினேன். அந்த 14 இலக்க எண் வந்தபிறகு லேபிள் அச்சடியுங்கள்.
- கரண்ட் அக்கவுண்டுக்குத் தொழிலின் பெயரில் இரண்டு சான்று கேட்பார்கள். உத்யம், உணவுப் பதிவு இரண்டையும் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள்.
- வங்கிக் கணக்கு இல்லையே என்று ஜிஎஸ்டியைத் தள்ளிப்போட வேண்டாம். பதிவு கிடைத்து 30 நாளுக்குள், அதற்கு முன்பே ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்வதானால் அதற்குள், சேர்த்தால் போதும்.
- சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் சுலபம் என்பார்கள். அதில் சேர்ந்தால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. எனக்கு ஆகாது.
- விற்பனை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. விட்டால் நாளுக்கு 20 ரூபாய்.
- உங்கள் போன், உங்கள் மின்னஞ்சல். வேறு யாருடையதும் வேண்டாம்.

ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டால் நிம்மதி என்பவர்கள் தாராளமாகக் கொடுங்கள். எனக்கு என் பெயரில் என்ன பதிவாகிறது என்று நானே பார்த்தால்தான் தூக்கம் வரும், அதனால் இரண்டாம் முறை நானே உட்கார்ந்தேன். காலையில் பொடி அரைத்து முடித்த கையோடு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள். விண்ணப்பத்தைத் தொடங்கும்போது தளம் தரும் தற்காலிக எண் 15 நாள்தான் செல்லும், ஆனால் பாதியில் சேமித்து வைக்கலாம். மூன்று மதியங்களில் முடித்தேன்.

இபி இணைப்பை மாமனார் பெயருக்கு மாற்ற இந்த வாரம் மனு கொடுக்கிறோம். அத்தைகள் இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சின்ன அத்தை தூத்துக்குடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாமனாரே பொடிப் பாக்கெட்டுகளோடு கிளம்புகிறார்.